சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் போர்டில் இடம் காலி: கலிபோர்னியாவில் எப்படி உள்ளே போவது, எத்தனை நாள் இருப்பது

வீட்டு வரி பில் வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, கட்டிவிட்டு மறந்துவிடுவோம். அடுத்த முறை கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். பள்ளிக்கூடம், கொசு ஒழிப்பு என்று சின்ன எழுத்தில் ஓடும் பட்டியலில் கழிவுநீர்க் கட்டணம் என்றும் ஒரு வரி இருக்கலாம். ஃப்ரீமாண்ட், நியூவார்க், யூனியன் சிட்டி மூன்று ஊர்களிலும் அந்தப் பணம் நகராட்சிக்குப் போவதில்லை. 1918-இல் அமைந்த யூனியன் சானிட்டரி டிஸ்ட்ரிக்டுக்குப் போகிறது. வால்நட் கிரீக், ஒரிண்டா, டான்வில் பக்கம் இருப்பவர்களுக்கு 1946-இல் அமைந்த சென்ட்ரல் கான்ட்ரா கோஸ்டா சானிட்டரி டிஸ்ட்ரிக்ட். தனி போர்டு, தனி பட்ஜெட், தனித் தேர்தல். ஓட்டுச் சீட்டில் கடைசிப் பக்கத்தில் வரும் பெயர்கள் இவர்களுடையவைதான்.

பே ஏரியாவில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தும் எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டே, "போர்டில் ஒரு இடம் காலியாம், ஆள் தேடுகிறார்கள், நீ போட்டுப் பாரேன்" என்றார். போட்டேன். கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் சட்டத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டது நிறைய. புதிதாகக் குடியுரிமை வாங்கிய நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த டிஸ்ட்ரிக்ட் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்ட்ரிக்ட் என்றதும் நமக்குக் கலெக்டரும் தாலுகா ஆபீசும் கண்ணில் வந்துவிடும். இது வேறு. ஒரே ஒரு வேலைக்காகக் கோடு கிழித்து, சட்டப்படி உண்டாக்கிய குட்டி உள்ளாட்சி. பாதாளச் சாக்கடைக் குழாயைப் பதிப்பது, பராமரிப்பது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது அதன் வேலை. காஸ்ட்ரோ வேலி போன்ற சில இடங்களில் குப்பையும் மறுசுழற்சியும்கூட இவர்கள் கையில்.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். சிகாகோவில் 1889-இல் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் என்று தொடங்கி, 1900-இல் சிகாகோ ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்ட அமைப்பில் உறுப்பினர்களுக்குக் கமிஷனர் என்று பெயர். 9 பேர், ஆளுக்கு 6 ஆண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்று பேர் தேர்தலைச் சந்திப்பார்கள். நடுவில் இடம் காலியானால் மாநில ஆளுநர் நியமிப்பார். விஸ்கான்சின் கிராமப்புறத்திலும் கமிஷனர்தான்; அங்கே டவுன் போர்டு நியமிக்கும் டிஸ்ட்ரிக்டும் உண்டு, தேர்தல் நடத்தும் டிஸ்ட்ரிக்டும் உண்டு. கலிபோர்னியாவில் இவர்களை டைரக்டர் அல்லது போர்டு மெம்பர் என்பார்கள். 1923-ஆம் ஆண்டின் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் சட்டப்படி போர்டுக்கு 5 பேர். பதவிக்காலம் 4 ஆண்டு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வெளியே போவதில்லை. ஒரு தேர்தலில் இரண்டு பேர், அடுத்ததில் மூன்று பேர் என்று படிப்படியாக. இனி நான் சொல்வதெல்லாம் கலிபோர்னியாவுக்கு மட்டும். வேறு மாநிலத்தில் இருந்தால் இந்தக் கணக்கை அங்கே போட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, பலர் விழுவார்கள். சானிட்டரி டிஸ்ட்ரிக்ட் வேறு, சானிட்டேஷன் டிஸ்ட்ரிக்ட் வேறு. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலும் ஆரஞ்சு கவுண்டியிலும் (கவுண்டி என்றால் பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு, நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் பெரிய சானிட்டேஷன் டிஸ்ட்ரிக்ட்கள் வேறொரு சட்டத்தின் கீழ் வருபவை. அந்த எல்லைக்குள் இருக்கும் நகரங்களின் மேயர்கள், கவுன்சிலர்கள் போன்றவர்களே அங்கே போர்டு. நீங்களும் நானும் விண்ணப்பம் போட்டு நுழைய வழியில்லை. இன்னும் சில ஊர்களில் சாக்கடை நகராட்சியின் ஒரு துறை, அவ்வளவுதான். ஆகவே விண்ணப்பத்தைத் தேடுவதற்கு முன்னால் வரி பில்லில் இருக்கும் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு போன். உங்கள் முகவரியைச் சொன்னால் எந்தெந்த போர்டுக்கு நீங்கள் ஓட்டுப் போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

யாருக்குத் தகுதி

டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும், பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். தேர்தல் என்றால் வேட்புமனு வாங்கும் நாளில், நியமனம் என்றால் நியமிக்கும் நாளில் இந்தத் தகுதி இருக்க வேண்டும். இஞ்சினியர் பட்டம் வேண்டாம், சொந்த வீடு வேண்டாம். வாடகைக்கு இருப்பவரும் வரலாம்.

வாக்காளர் என்றாலே குடியுரிமை. கிரீன் கார்டு மட்டும் இருப்பவர்கள் பதவிக்கு வர முடியாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்விக்குக் கவனக்குறைவாக ஆம் என்று போட்டுவிடுவது, குடியுரிமை இல்லாதவருக்குப் பின்னால் பெரிய குடியேற்றச் சிக்கலாகிவிடும். போர்டில் சேரும் ஆசையில் அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள். கூட்டத்துக்குப் போய் உட்காரவும் எழுந்து பேசவும் குடியுரிமை எதுவும் தேவையில்லை. கூட்டத்துக்கு வர உங்கள் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

அந்த டிஸ்ட்ரிக்டிலேயே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அதன் போர்டில் உட்கார முடியாது. வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். ஏற்கெனவே நகரசபையிலோ வேறு போர்டிலோ இருப்பவர்கள், இரண்டு பதவிக்கும் நடுவே நலன் மோதுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. மோதும் பதவியை ஏற்றால் முதல் பதவி தானாகப் போய்விடும்.

மூன்று வாசல்

முதல் வாசல் தேர்தல். இப்போது பெரும்பாலும் இரட்டைப்படை ஆண்டு நவம்பரில், பொதுத் தேர்தலோடு சேர்த்தே நடக்கிறது. வேட்புமனுக் காலம் தேர்தலுக்கு 113 நாள் முன்னால் திறந்து, 88 நாள் முன்னால் மாலை 5 மணிக்கு மூடும். 2026 நவம்பர் 3 தேர்தல் என்றால், ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. பதவியில் இருப்பவர் மறுபடி மனுப்போடவில்லை என்றால் மற்றவர்களுக்காக ஐந்து நாள் நீளும். அதாவது ஆகஸ்ட் 12 வரை. மனுவெல்லாம் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில்.

இரண்டாவது வாசலைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஆகஸ்ட் நாள் முடியும்போது, இருக்கும் இடங்களுக்கு மேல் மனு வரவில்லை என்று வையுங்கள். இரண்டு இடம், இரண்டே மனு. தேர்தல் நடத்தச் சொல்லி வாக்காளர்களில் 10 சதவீதமோ 50 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்ட மனுவும் வரவில்லை. அப்போது ஓட்டுச் சீட்டில் அந்தப் பதவியே இருக்காது. கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு மனுப்போட்டவர்களை நியமித்துவிடும். ஒருவருமே மனுப்போடாத இடத்துக்குத் தகுதியுள்ள யாரையாவது அவர்களே நியமிக்கலாம். இப்படி வந்தவர் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரியே முழு 4 ஆண்டும் இருப்பார். சின்ன டிஸ்ட்ரிக்ட்களில் இது அபூர்வமில்லை. பிரசாரம், பேனர், வாசல் வாசலாக ஏறி இறங்குவது எதுவும் இல்லாமல் ஒருவர் போர்டுக்கு வந்துவிடுவார். அவர் வந்த விஷயமே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. இது நல்லதா என்று கேட்டால், எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நடைமுறை இதுதான். மனுப்போடும் கடைசி நாளில் கவுண்டி வலைத்தளத்தைத் திறந்து பார்ப்பவருக்கு இது தெரியும், மற்றவருக்குத் தெரியாது.

மூன்றாவது வாசல் நடுவில் காலியாகும் இடம். நான் தட்டியது இதைத்தான்.

காலி இடத்தின் கடிகாரம்

ஒரு இடம் எப்போது காலி? இறப்பு, ராஜினாமா என்று நமக்குத் தோன்றுபவை தவிர, எல்லையை விட்டு வீடு மாறிப் போவது, காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் பதவி வேலையைச் செய்யாமல் விடுவது, கடுங்குற்றத்தில் தண்டனை பெறுவது, பதவிப் பிரமாணத்தை உரிய காலத்தில் தாக்கல் செய்யாமல் விடுவது எல்லாமே காலிதான். பேரன் பேத்தியோடு இருக்க டெக்சாசுக்கு வீடு மாற்றும் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போகும் காலி இடங்கள் நிறைய.

அந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். போர்டுக்குத் தகவல் தெரிந்த நாள், இடம் உண்மையில் காலியான நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். 15 நாளுக்குள் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள் மீதியிருக்கும் உறுப்பினர்கள் ஒன்று ஒருவரை நியமிக்க வேண்டும், இல்லை தேர்தலுக்கு அழைப்பு விட வேண்டும். நியமிப்பதாக இருந்தால் அதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால், டிஸ்ட்ரிக்டுக்குள் கண்ணில் படும் மூன்று இடங்களிலாவது அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். இது 1780-ஆம் பிரிவு. அரசாங்கச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது, அரைமணியில் படித்துவிடலாம். படித்துவிடுங்கள்.

"கண்ணில் படும் இடம்" என்பதுதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் அந்த அறிவிப்பு டிஸ்ட்ரிக்ட் அலுவலக வாசலிலும், நூலகத்தில் யோகா வகுப்பு நோட்டீசுக்கும் தொலைந்த பூனை நோட்டீசுக்கும் நடுவிலும் இருந்தது. சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் யார் பார்த்தார்கள்? ஆகவே காத்திருக்காமல் டிஸ்ட்ரிக்ட் வலைத்தளத்தில் கூட்ட அஜெண்டா மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரம் முன்னால் வெளியாக வேண்டும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். "ராஜினாமாவை ஏற்பது" என்று ஒரு வரி வந்தால் அன்றைக்கே உங்கள் கணக்கைத் தொடங்குங்கள்.

60 நாளில் போர்டு எதுவும் செய்யவில்லை என்றால்? நாலு பேர் இரண்டு இரண்டாகப் பிரிந்து நின்றால் இப்படி ஆகும். அப்போது அதிகாரம் மேலே போகும். டிஸ்ட்ரிக்ட் முழுவதும் ஒரே நகரத்துக்குள் இருந்தால் நகரசபை, இல்லாவிட்டால் கவுண்டி மேற்பார்வையாளர் குழு, காலியான 90 நாளுக்குள் நியமிக்கலாம் அல்லது தேர்தல் நடத்தச் சொல்லலாம். அவர்களும் விட்டால் டிஸ்ட்ரிக்ட் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும்.

இதுவரை எளிது. நியமனம் ஆனவர் எத்தனை நாள் இருப்பார் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். என் நேர்காணலில்கூட ஒரு போட்டியாளர் "நாலு வருஷமும் உழைப்பேன்" என்றார். போர்டில் இருந்தவர் பொறுமையாகத் திருத்தினார்.

விதி இது. பதவிக்காலத்தின் முதல் பாதியில் இடம் காலியாகி, அடுத்த தேர்தலுக்கு 130 நாளோ அதற்கு மேலோ இருந்தால், நியமனம் ஆனவர் அந்தத் தேர்தல் வரைதான். அங்கே ஜெயிப்பவர் மிச்சக் காலத்தை முடிப்பார். முதல் பாதியிலேயே காலியானாலும் தேர்தலுக்கு 130 நாளுக்குக் குறைவாக இருந்தால், அல்லது இரண்டாம் பாதியில் காலியானால், நியமனம் ஆனவரே மிச்சக் காலம் முழுவதும் இருப்பார்.

காகிதத்தில் எழுதிப் பார்த்தால்தான் இதன் கூர்மை தெரியும். ஒருவர் 2024 நவம்பரில் ஜெயித்து டிசம்பரில் பதவி ஏற்றார். அவருடைய காலம் 2028 டிசம்பர் வரை. பாதி, 2026 டிசம்பர். அவர் 2026 ஜூன் 20-ஆம் தேதி ராஜினாமா கொடுக்கிறார், அன்றே அமலுக்கு வருகிறது என்று வையுங்கள். நவம்பர் 3-க்கு 136 நாள் இருக்கிறது. நியமனம் ஆனவர் தேர்தல் முடியும் வரை, சில மாதம்தான். தொடர வேண்டுமானால் ஆகஸ்டுக்குள் மனுப்போட்டு, நவம்பரில் ஊர் மக்கள் முன்னால் நிற்க வேண்டும். அதே மனிதர் அதே கடிதத்தை ஜூலை 1-ஆம் தேதி கொடுத்தால்? 125 நாள்தான். நியமனம் ஆனவர் தேர்தலே இல்லாமல் 2028 டிசம்பர் வரை, இரண்டு வருஷத்துக்கு மேல் உட்காரலாம். பதினோரு நாள் வித்தியாசம். அந்த ஆண்டின் கோடு ஜூன் 26-இல் விழுகிறது.

ராஜினாமா செய்பவர் எல்லாரும் இதைக் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு உடம்புதான் காரணம். ஆனால் போர்டு அலுவலகத்தில் இருக்கும் செயலருக்கு இந்தத் தேதி விரல் நுனியில் இருக்கும். விண்ணப்பிக்கும் உங்களுக்கும் இருக்கட்டும். விண்ணப்பம் கொடுக்கும்போதே செயலரிடம் கேளுங்கள்: "இந்த நியமனம் எந்தத் தேதி வரை?" எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம், நேர்காணல்

விண்ணப்பம் பெரும்பாலும் ஒரு கடிதமும் ஒரு பக்கச் சுயவிவரமும். நம் ஆட்கள் இங்கே செய்யும் தப்பு, வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயை அப்படியே அனுப்புவது. கிளவுட், மைக்ரோசர்வீஸ் என்று மூன்று பக்கம் போனால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை வருஷமாக இந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள், எந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள், பட்ஜெட் என்று ஒன்றைக் கையில் வைத்து நடத்தியிருக்கிறீர்களா, இவைதான் வேண்டும். கோயில் கமிட்டிக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ பொருளாளராக இருந்திருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். நூறு குடும்பத்திடம் கணக்கு ஒப்பித்தவருக்குப் பொதுப்பணத்தின் பதற்றம் தெரியும்.

நேர்காணல் திறந்த கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். 1953-இன் பிரவுன் சட்டம் அப்படி. ஊழியரை எடுப்பது மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு போர்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாது. சீட்டு எழுதிப் போடும் ரகசிய வாக்கும் கூடாது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். ஆகவே உங்கள் போட்டியாளர்கள் பேசுவதை நீங்கள் கேட்கலாம், நீங்கள் பேசுவதை அவர்களும் கேட்பார்கள். கொஞ்சம் சங்கடமான ஏற்பாடு. என் முறை மூன்றாவது. எனக்கு முன்னால் பேசியவர் ஓய்வுபெற்ற பம்ப் மெக்கானிக். அவர் பேசி முடித்தபோதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "வீட்டுச் சமையலறை எண்ணெய் எங்கள் குழாய்களை எப்படி அடைக்கிறது என்று உங்கள் சமூகத்தாரிடம் எப்படிச் சொல்வீர்கள்?" கொஞ்சம் சுருக்கென்றது, பிறகு நியாயம் என்று பட்டது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட வாணலி எண்ணெயை வெந்நீர் விட்டு சிங்கில் ஊற்றுவது நம் வீடுகளில் நடப்பதுதான். வெந்நீரில் கரைந்தது போலத் தெரியும். தெருவுக்கு அடியில் போனதும் குளிர்ந்து, வெள்ளைக் கட்டியாகக் குழாய்ச் சுவரில் படியும். அதன்மேல் ஈரத்துடைப்புத் தாள்கள் வந்து சிக்கினால் அடைப்பு முழுமை. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் திணறினேன். இன்றைக்குக் கேட்டால் பத்து நிமிஷம் பேசுவேன்.

நேர்காணலுக்கு முன்னால் குறைந்தது இரண்டு கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பார்வையாளர் நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். ஒரு பம்ப் மாற்றுவதற்கு முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அலுப்பாக இருந்தால் இந்தப் பதவி உங்களுக்கு வேண்டாம், அதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிக்காட்டுகிறார்களா என்று கேளுங்கள், காட்டினால் தவறவிடாதீர்கள். தலையில் ஹெல்மெட், காற்றில் ஒரு கனத்த வாசனை. உங்கள் ஓட்டு எதன்மேல் விழப்போகிறது என்பது அங்கேதான் புரியும்.

பதவி ஏற்பும் அதற்குப் பிறகும்

தேர்தலிலோ, போட்டியில்லாத நியமனத்திலோ வந்தவர்கள் தேர்தலுக்கு அடுத்த டிசம்பரின் முதல் வெள்ளிக்கிழமை நண்பகலில் பதவிக்கு வருவார்கள். 2026-க்கு அது டிசம்பர் 4. அதற்கு முன் பதவிப் பிரமாணம். காலி இடத்துக்கு நியமனம் ஆனவருக்குப் பெரும்பாலும் அன்றைக்கோ அடுத்த கூட்டத்திலோ பிரமாணம் ஆகிவிடும்.

30 நாளுக்குள் படிவம் 700 கொடுக்க வேண்டும். உங்கள் முதலீடு, வருமானம், வீடு தவிர்த்த சொத்து ஆகியவற்றில் டிஸ்ட்ரிக்டின் முடிவுகளோடு தொடர்புபடக்கூடியவை அதில் வரும். ஒரு முறை கொடுத்தால் போதாது, ஒவ்வொரு ஆண்டும். இது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஊரில் இருக்கும் நிலம், தம்பியோடு கூட்டாக வைத்திருக்கும் கடை என்று மனம் அலைபாயும். ஊகம் செய்யாமல் செயலரிடம் கேளுங்கள், மாநிலத்தின் நியாய அரசியல் நடைமுறை ஆணையத்துக்கு உதவித் தொலைபேசியும் இருக்கிறது. இதோடு, இரண்டாண்டுக்கு ஒருமுறை 2 மணி நேர நெறிமுறைப் பயிற்சி, பாலியல் சீண்டல் தடுப்புப் பயிற்சி ஆகியவை உண்டு. ஆன்லைனிலேயே முடித்துவிடலாம்.

வாட்ஸ்அப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் என்றால் பெரும்பான்மை. மூன்று பேர் கூட்டத்துக்கு வெளியே டிஸ்ட்ரிக்ட் விஷயத்தைப் பேசினால் அது சட்டவிரோதக் கூட்டம். ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் ஒருவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொன்னாலே சங்கிலி முடிந்துவிடும். குழுச் செய்தியில் ஒருவர் கருத்துப் போட, இன்னொருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதும் இதில்தான் சேரும். எல்லாவற்றுக்கும் ஒரு குரூப் தொடங்கிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கஷ்டம். தேர்தலில் ஜெயித்து டிசம்பருக்காகக் காத்திருப்பவரையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும், பிரமாணம் எடுக்கவில்லையே என்று தப்பிக்க முடியாது.

சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அடிப்படைச் சட்டத்தில் ஒரு நாள் பணிக்கு 100 டாலர், மாதத்துக்கு அதிகபட்சம் 6 நாள். போர்டு முறைப்படி தீர்மானம் போட்டு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மிகாமல் ஏற்றிக்கொள்ளலாம், பல இடங்களில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பணத்துக்காக யாரும் வருவதில்லை.

முதல் வருஷத்தில் உங்களை உலுக்கப்போவது கட்டண உயர்வுதான். 1996-இல் மக்கள் ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவின்படி, கட்டணம் ஏற்ற வேண்டுமானால் பொது விசாரணைக்கு 45 நாள் முன்னால் சொத்துக்காரர்களுக்குத் தபாலில் அறிவிக்க வேண்டும். பாதிக்கு மேல் எழுத்தில் எதிர்ப்பு வந்தால் ஏற்ற முடியாது. பாதி வருவது அரிது, ஆனால் வருகிற கடிதங்கள் சூடாக இருக்கும். மளிகைக் கடையில் புளி எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர், "நீங்கதானே சாக்கடை போர்டு? எங்க பில்லு ஏன் இவ்வளவு?" என்று கேட்பார். குழாய் எந்த வருஷம் போட்டது, எத்தனை மைல், மாற்ற என்ன ஆகும் என்று அங்கேயே நின்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இடையில் வீடு மாற்றினால் எல்லைக் கோட்டைப் பார்த்து மாற்றுங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் வேறு டிஸ்ட்ரிக்ட் என்றால் உங்கள் இடமும் காலி, மறுபடி 15, 60, 90. பதவிக்காலம் முடிந்தோ ராஜினாமா செய்தோ போனாலும் 30 நாளுக்குள் கடைசியாக ஒரு படிவம் 700 கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ராஜினாமா என்றால் கடிதத்தில் அமலுக்கு வரும் தேதியைத் தெளிவாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்து நவம்பரிலிருந்து 130 நாள் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.